லினக்ஸும் கட்டற்ற மென்பொருள்களும்

2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14-ஆம் நாள், உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளுக்கு ஒரு தவணை நாளாக வந்து சென்றது. அன்றோடு மைக்ரோஸாப்ட் கம்பெனியார் தம் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த சாதாரணப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டனர். தனிப்பட்டோர்க்குச் சில நிபந்தனைகளின்மேல் ஓராண்டு நீட்டிப்பு அளிக்கப்பட்டதாயினும், அது தவணையைத் தள்ளிவைத்ததேயன்றித் தீர்த்ததாகாது. அடுத்து வந்துள்ள விண்டோஸ் 11-ஐ ஏற்றுக்கொள்ளலாமெனின், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், ஏறத்தாழ 2017-ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின் வெளிவந்த செயலியும் வேண்டுமென விதித்திருக்கின்றனர். தமையன் படித்து முடித்துத் தம்பிக்குக் கொடுத்த மடிக்கணினியும், பெற்றோர் தவணை முறையில் பணம் கட்டி வாங்கிய மடிக்கணினியும் இவ்விதிக்குள் அடங்காமற் போதல் கூடும். யந்திரத்தில் பழுது யாதும் இல்லை. அதனை நடத்தும் மென்பொருளை ஆக்கியோரே அதனைக் கைவிட்டனர். இந்நிலையில் புதிய கணினி வாங்குதலேயன்றி வேறு வழியும் உண்டு என்பதை நம் மாணவரிற் பலர் அறியார். அவ்வழியாகிய லினக்ஸைப் பற்றியும் அதனோடு கூடிய கட்டற்ற மென்பொருள்களைப் பற்றியும், கணினி நூல் பயிலாத ஒருவர்க்கு வேண்டிய அளவில் இங்கு எடுத்துரைக்கப் புகுகின்றோம். கணினி விஞ்ஞான வகுப்பினர்க்கு இஃது அறிந்த கதையாகலாம், அவர்கள் பொறுத்தருள்வார்களாக.

கணினி வெறும் யந்திரமாக நின்றால் யாதொன்றும் செய்யமாட்டாது. விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரையிற் காட்டுவதும், நினைவகத்தைப் பல வேலைகட்கும் பங்கிட்டுக் கொடுப்பதும், அச்சுப்பொறியோடும் இணையத்தோடும் தொடர்பு வைப்பதும் இயங்குதளம் என்னும் தலைமை மென்பொருளின் தொழில். இதனையும் ஏனைய மென்பொருள்களையும் ஆக்குவோர் முதலில் மனிதர் படித்தறியத்தக்க ஒரு மொழியில் எழுதுகின்றனர். அதற்கு மூலநிரல் என்று பெயர். பின்னர் அது யந்திரத்திற்கு மாத்திரம் விளங்கும் எண்வரிசையாக மாற்றப்படுகின்றது. நாம் விலைகொடுத்து வாங்குவது பெரும்பாலும் அவ்வெண்வரிசையையே. மூலநிரல் கம்பெனியாரின் பெட்டகத்தில் இருக்கும். நம் நாட்டுப் பரம்பரை வைத்தியர் சிலர் மருந்துருண்டையைக் கொடுப்பர். அதில் என்ன சரக்குச் சேர்ந்தது என்று கேட்டால் புன்னகை செய்து வேறு பேச்சுப் பேசுவர். மருந்து குணம் தரும்வரையில் நமக்குக் குறையில்லை. வைத்தியர் காலமானபின், அம்மருந்தையே நம்பியிருந்தவர் பாடுதான் திண்டாட்டமாகின்றது. மூலநிரலை மறைத்து வைத்த மென்பொருளும் அத்தன்மையதே.

இதற்கு மாறாக, மூலநிரலை யாவரும் காணுமாறு வெளியிட்டு, எந்த நோக்கத்திற்கும் அதனை இயக்கவும், பயின்று திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும், திருத்திய படியையும் வழங்கவும் உரிமை தருவன கட்டற்ற மென்பொருள்கள். ஆங்கிலத்தில் இவற்றை 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பர். அச்சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே குறித்து மயக்கம் விளைத்தமையாலும், வணிகர்க்கும் உகந்த பெயர் வேண்டுமென்று கருதியமையாலும், 1998-ஆம் ஆண்டில் 'ஓப்பன் சோர்ஸ்' என்னும் மற்றொரு பெயரைச் சிலர் ஆக்கினர். தமிழில் இம்மயக்கத்திற்கு இடமில்லை. இலவசம் வேறு, கட்டின்மை வேறு. நம் கைப்பேசியில் காசின்றிக் கிடைக்கும் செயலிகளிற் பல, மூலநிரலைக் காட்டாதன. அவை இலவசமேயன்றிக் கட்டற்றன அல்ல. கட்டற்ற மென்பொருளைக் கொண்டு பொருளீட்டுவாரும் உளர். அவ்வாறு தொழில் நடத்திய ரெட் ஹாட் கம்பெனியை 2019-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார் ஏறத்தாழ 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கினர்.

இந்த இயக்கம் தோன்றியதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஓர் அச்சுப்பொறி. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் பணியாற்றிவந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால், அச்சுக்குக் காத்திருப்போர் திரையிலேயே அச்செய்தி தோன்றுமாறு அவர் அதன் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். 1980-ஆம் ஆண்டையொட்டி ஒரு புதிய அச்சுப்பொறி வந்தது. அதுவும் காகிதம் சிக்குவதில் குறைந்ததன்று. ஆயின் அதன் மூலநிரல் அளிக்கப்படவில்லை. மற்றொரு கலாசாலையில் அது வைத்திருந்தவரை அணுகிக் கேட்டபோது, பிறர்க்குத் தருவதில்லையென்று தாம் ஒப்பந்தம் செய்துள்ளதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். அற்பக் காரியம் என்று பிறர் விட்டுவிடக்கூடிய இதனை ஸ்டால்மன் விடவில்லை. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், முற்றும் கட்டற்றதாகிய க்னூ என்னும் இயங்குதளத்தை ஆக்கப் போவதாக அறிவித்தார். 1989-ல் ஜி.பி.எல். என்னும் உரிமப் பத்திரத்தை வெளியிட்டார். பதிப்புரிமைச் சட்டம் படியெடுப்பதைத் தடுக்கப் பயன்பட்டுவந்தது; இவரோ அதே சட்டத்தைக் கொண்டு, படியெடுக்கும் உரிமையை எவரும் பறிக்காதபடி செய்துவிட்டார். மென்பொருளைத் திருத்தி வெளியிடுவோர் தம் திருத்தத்தின் மூலநிரலையும் அதே உரிமத்தின்கீழ் அளித்தல் வேண்டும் என்பது அப்பத்திரத்தின் உயிர். வழக்கறிஞராக விரும்பும் நம் மாணவர் இதனை ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம்.

க்னூ இயங்குதளத்தின் உறுப்புக்கள் பலவும் ஆக்கப்பட்டும், கர்னல் எனப்படும் உட்கரு மாத்திரம் நிறைவேறாது நின்றது. அக்குறையை நிரப்பியவர் பின்லாந்து தேசத்து ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவர்க்கு வயது 21. 1991-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், அது பெரியதாக வளராது என்றும் ஓர் அறிவிப்பு விடுத்தார். மறு ஆண்டில் அதனை ஜி.பி.எல். உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இன்றோ, உலகத்து மீக்கணினிகளில் முதல் 500-ஐ வரிசைப்படுத்தும் பட்டியலில் 2017-ஆம் ஆண்டு நவம்பர் முதல் உள்ளவை எல்லாம் லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஆண்ட்ராய்ட் கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸே. லினக்ஸை அறியேன் என்பார் பலர் அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவ்வாறு கூறுகின்றனர். மாணவர் தொடங்கிய காரியம் இஃது ஒன்றன்று. படங்களைத் திருத்த உதவும் கிம்ப், பெர்க்லி சர்வகலாசாலை மாணவர் இருவர் எழுதியது. வி.எல்.சி. என்னும் படக்காட்சிக் கருவி, பாரிஸ் நகரத்து எக்கோல் சாந்த்ரால் என்னும் கலாசாலை மாணவர் 1996-ல் தொடங்கியது. மாணவர் பத்திரிகையாதலின் இச்செய்தியைச் சற்று அழுத்திச் சொல்லுகின்றோம்.

நிற்க. மூலநிரல் வெளிப்படையாக இருப்பதால் இவற்றில் குற்றமே நேராது என்று சிலர் மேடையிற் பேசுவர். அது மிகைக்கூற்று. 2024-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சியை இங்குச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. கோப்புக்களைச் சுருக்கி வைக்க உதவும் எக்ஸ்.இஸட். என்னும் சிறு மென்பொருள், லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றிலும் இடம்பெறுவது. அதனை நெடுங்காலம் பேணிவந்தவர் ஊதியமின்றி உழைத்த தனியொருவர். புனைபெயருடன் வந்த ஒருவர், இரண்டாண்டுகட்கு மேலாகப் பணிவோடு உதவிகள் செய்து, அவர் நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பிலும் பங்கு பெற்றார். பின்னர் அம்மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புக்களில், தொலைவிலிருந்து பிறர் கணினியுள் நுழைவதற்கு ஒரு கள்ளவாயிலை அமைத்துவிட்டார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், தம் கணினியில் உள்நுழைவதற்கு வழக்கத்தினும் ஏறத்தாழ அரை விநாடி மிகுதியாகச் செல்வதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று இராமல், காரணத்தைத் தேடிச் சென்றார், கள்ளவாயில் அகப்பட்டது. நன்கு சோதிக்கப்பட்ட நிலைப் பதிப்புக்களில் அது பரவுமுன்னரே தடுக்கப்பட்டது. மூலநிரல் திறந்திருந்தமையாலன்றோ அவரால் இறுதிவரை தேடிக் காண முடிந்தது? ஆயின் திறந்திருந்தும், பலகாலம் அதனைக் கூர்ந்து நோக்குவார் இல்லாமற் போனமையாலன்றோ கள்வன் உள்ளே புகுந்தான்? இரண்டும் உண்மையே. திறந்த கதவு காவலாகாது. காவல் செய்வார்க்கு இடம் தருவது மாத்திரமே அதன் பயன். இதிலிருந்து சாதாரண உபயோகஸ்தர் கொள்ளத்தக்கது, வெளிவந்த அன்றே புதுமையை நாடாது, சோதனை முடிந்த நிலைப் பதிப்பையே ஏற்றுக்கொள்ளுதல் என்பது.

இவ்விடத்தில் நம் ஊர் வழக்கம் ஒன்றையும் கூறவேண்டும். கணினி பழுதுபார்க்கும் கடைகள் சிலவற்றில், உரிமம் பெறாத விண்டோஸையும், அதன் பூட்டை உடைக்கும் ஒரு சிறு நிரலையும் சில நூறு ரூபாய்க்கு இட்டுத் தருகின்றனர். அச்சிறு நிரலோடு வேறென்ன உள்ளே புகுந்தது என்பதை இட்டவரும் அறியார், பெற்றவரும் அறியார். உரிமம் பெறாத படி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியிற் பயன்படுத்துதல், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி தண்டனைக்குரியது. வறுமையைக் காரணம் காட்டுவார்க்கும், நேர்மையான வழி காசின்றியே கிடைக்கும்போது அக்காரணம் நில்லாது.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். லினக்ஸ் என்பது உட்கரு. அதனோடு திரைமுகப்பும், எழுதுகருவியும், உலாவியும் ஏனையவும் சேர்த்துக் கட்டிய தொகுதியை வழங்கல் என்பர். இத்தகைய வழங்கல்கள் பல நூறு இருத்தலால், புதியவர் எதனை எடுப்பது என்று திகைத்து, எதனையும் எடாமலே இருந்துவிடுவர். புடைவைக் கடையில் நேரும் நிலைதான். நம் கருத்தில், விண்டோஸில் பழகியவர் முதலில் லினக்ஸ் மின்டை நாடுதல் நன்று. 2006-ல் தோன்றிய இதன் சின்னமன் என்னும் முகப்பு, கீழே பட்டையும் இடப்புற மூலையில் பட்டியலுமாகப் பழகிய தோற்றத்தோடு இருக்கும். நினைவகம் 4 ஜி.பி. அளவினதாயின் அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு இலகுவாக ஓடும். உபுண்டு, 2004-ல் வெளிவந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் அதன் நெடுங்காலப் பதிப்புக்கு ஐந்தாண்டு திருத்தம் கிடைக்கும். ஆராய்ச்சி மாணவர்க்கு இது தக்கது. 1993 முதல் தன்னார்வலரால் நடத்தப்பட்டுவரும் டெபியன், ஓரளவு பழகியபின் கொள்ளத்தக்கது; உபுண்டுவுக்கும், நம் நாட்டு சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் அதுவே அடிப்படை. ஃபெடோரா புதுமை விரும்புவார்க்கு. மற்றவற்றைப் பற்றி இப்போது கவலை வேண்டா. 32 பிட் செயலியுடைய மிகப் பழைய கணினிகட்குப் பெரும்பாலான வழங்கல்கள் இப்போது வெளிவருவதில்லை என்பதை மாத்திரம் நினைவிற் கொள்க. இன்னொன்று: வழங்கலை மாற்றுவதினும், சுழலும் பழைய வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. ஒன்றை இடுவது பழங்கணினிக்கு மிகுந்த வேகத்தைத் தரும். செலவு செய்ய இயலுமாயின் முதலில் அதனைச் செய்க.

லினக்ஸின் பேரநுகூலம், நிறுவாமலே சோதித்துப் பார்க்கலாம் என்பது. வழங்கலின் சொந்தத் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி, அதனோடு தரப்பட்டுள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒத்திருக்கின்றதா என்று நோக்கி, 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் உரிய கருவிகொண்டு எழுதவேண்டும். வெறுமனே கோப்பைப் படியெடுத்து வைத்தல் போதாது. பின்னர்க் கணினியைத் தொடக்கும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப் போன்றவற்றில் அக்கணினிக்குரிய விசையை அழுத்தினால், பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் எழும். வன்தட்டில் உள்ளது எதுவும் மாறாது. இந்நிலையில் வைஃபை கிடைக்கின்றதா, ஒலி கேட்கின்றதா, காமிரா தெரிகின்றதா, மூடித் திறந்தால் கணினி விழித்துக்கொள்கின்றதா, விடுதியின் அச்சுப்பொறி பணிகின்றதா என்று ஒரு மாலைப்பொழுது முழுதும் சோதிக்க. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் குறைவாகத் தோன்றும். அதனைக் கொண்டு தீர்ப்புச் செய்யற்க.

நிறுவத் துணிந்தபின், முதற்கண் கோப்புக்கள் யாவற்றையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். இதனைச் செய்யாது நிறுவுவார்க்கு நாம் கூறத்தக்க ஆறுதல் யாதுமில்லை. விண்டோஸையும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே தட்டில் இடுவோர், விண்டோஸின் பிட்லாக்கர் என்னும் மறையாக்கம் பூட்டப்பட்டுள்ளதா என்று பார்த்து, அதன் மீட்புத் திறவுகோலை முன்னரே எழுதி வைத்துக்கொள்க. இன்றேல் தம் கணினியே தம்மைக் கள்வரென்று எண்ணிக் கதவடைக்கும்.

பழக்கத்தில் முதலில் மாறவேண்டுவது மென்பொருளைப் பெறும் முறை. விண்டோஸில் இணையத்தில் தேடிக் கண்ட இடத்திலிருந்து இறக்குவது வழக்கம். லினக்ஸில் ஒவ்வொரு வழங்கலும் தனக்கென ஒரு களஞ்சியம் வைத்துள்ளது. மென்பொருள் மேலாளரைத் திறந்து வேண்டியதைத் தேர்ந்தால் அங்கிருந்தே வரும், திருத்தங்களும் ஒருங்கே வரும். யாரோ எழுதிவைத்த கட்டளையைப் பொருளறியாமல் முனையத்தில் ஒட்டி, நிருவாகியின் கடவுச்சொல்லையும் கொடுத்தல், முன்பின் அறியாதார் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பதாகும்.

எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸ் உண்டு. 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த இது, வேர்டு, எக்ஸெல் கோப்புக்களைத் திறக்கும். ஆயின் அட்டவணைகளும் அடிக்குறிப்புக்களும் நிறைந்த ஆய்வேட்டைப் பேராசிரியர் வேர்டிலும் மாணவர் இதிலுமாக மாறிமாறித் திருத்தினால், பக்கங்கள் இடம்பெயர்தல் உண்டு. காலிப்ரி எழுத்துருவுக்கு ஈடாக அதே அகலமுடைய கார்லிட்டோவை நிறுவிக்கொண்டால் இத்தொல்லை பெருமளவு குறையும். முடிந்த கட்டுரையைப் பி.டி.எஃப். வடிவில் அனுப்புதல் யாவர்க்கும் நலம்.

தமிழெழுதுதல் முன்போல் இடர்ப்பாடன்று. ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுதியைச் சேர்த்தால், 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைமுறையும், ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கும். லோஹித், நோட்டோ முதலிய எழுத்துருக்கள் கட்டற்றவை. அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துக்களைப் பிரித்தெடுக்கும் டெஸரக்ட் என்னும் கருவியும் உண்டு. பழைய நூல்களின் மங்கிய அச்சில் அது தடுமாறும், எனினும் தட்டச்சு வேலையிற் பாதியையேனும் மிச்சப்படுத்தும். யூனிகோடுக்கு முற்பட்ட பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்த பழைய கோப்புக்களை மாத்திரம் மாற்றிகொண்டு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

லினக்ஸ் யாவர்க்கும் ஏற்றது என்று நாம் சொல்லோம். ஃபோட்டோஷாப் முதலிய அடோபி மென்பொருள்கள் அதில் நேரே இயங்கா. இணையவழித் தேர்வுகட்குரிய சில கண்காணிப்பு மென்பொருள்கள் விண்டோஸையும் மாக்கையுமே ஏற்கும். இறுதியாண்டு மாணவர் வேலைத் தேர்வுக்கு முந்தின நாளில் இதனை அறிந்து வருந்துதல் கூடாது. கணக்கு வேலைக்கு டாலியையே நம்பியிருப்போரும் பொறுத்துச் செய்க. ஜெர்மனி தேசத்து மூனிக் நகரசபையார் 2003-ல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பத்தாண்டு உழைத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றிய பின்னும், 2017-ல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தனர். அத்தீர்மானத்தில் அரசியலும் கலந்திருந்தது என்பார் உளர். கேரளத்து அரசுப் பள்ளிகளிலோ கட்டற்ற மென்பொருளே நெடுங்காலமாகப் பயிற்சிக்குரியதாக இருந்துவருகின்றது. ஆசிரியர்க்கு முதலிற் பயிற்சி தந்து, பாடபுத்தகத்தையும் அதற்கேற்ப எழுதியமையால் அங்கு அது வேரூன்றியது. மென்பொருளை இட்டுவிட்டு மனிதரை மறந்த இடங்களில் அஃது எளிதில் நிலைப்பதில்லை.

தடை நேர்ந்தவிடத்து உதவி கேட்பதற்குக் குழாங்கள் பல உள. சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழாம் ஒன்று நெடுநாளாக உண்டு. அங்கு விடையளிப்போர் ஊதியம் பெறாதவர். ஆதலின் 'என் கணினி ஓடவில்லை' என்று மாத்திரம் எழுதினால் மறுமொழி வாராது. கணினியின் மாதிரி எண், வழங்கலின் பெயரும் பதிப்பும், செய்த காரியம், திரையில் தோன்றிய பிழைச்செய்தியின் சொற்கள் அப்படியே, இதுவரை முயன்று பார்த்தவை ஆகியவற்றை எழுதுக. பிழை தீர்ந்தபின், எவ்வாறு தீர்ந்தது என்பதையும் அங்கேயே ஒரு வரி எழுதிவிட்டு வருக. அதே மாதிரிக் கணினியோடு அடுத்த ஆண்டு விடுதிக்கு வருபவர் அதனைத் தேடிக்கொண்டிருப்பார்.